மாசித் தக்காளி

பிப்ரவரி 6, வியாழன்

அவர் வந்துவிட்டார். திருவனந்தபுரத்திலிருந்து கார் வீடு வந்து சேர சாயங்காலம் ஆகிவிட்டது. இந்த முறை லீவு நீளம் என்று போனிலேயே சொல்லியிருந்தார்.

பெட்டிகளைத் திறந்து அடுக்கினேன். சாக்லேட், தைலம், அருணாவுக்கு வாட்ச், எனக்கு ஒரு சேலை. இவற்றுக்கெல்லாம் அடியில் அவர் குவைத்தில் வைத்திருந்த தேய்ப்புப் பெட்டி, சின்ன குக்கர், போர்வை, குளிக்கப் போகும்போது போடுகிற செருப்பு.

“இதெல்லாம் என்னத்துக்குச் சுமந்துட்டு வந்திய?” என்று கேட்டேன்.

“பழசாப் போச்சு. அங்க போயி புதுசு வாங்கிக்கிடலாம்.”

குக்கரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். நல்ல குக்கர். பழசாகத் தெரியவில்லை.

அருணா நாகர்கோவில் ஹாஸ்டலில் இருந்து பேசினாள். நர்சிங்கில் இரண்டாம் வருடப் பரீட்சை நெருங்குகிறது. அப்பாவிடம் பேசி முடித்துவிட்டு என்னிடம், “அம்மா, உனக்கு இனிமே துணைக்கு ஆள் இருக்கு” என்றாள். லீவுதானே என்றேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

வீட்டில் இன்னொருவர் இருப்பது பழக வேண்டியதாக இருக்கிறது. காலையில் நான் எழுவதற்குள் டீ போட்டு வைத்திருந்தார். இருந்த பால் அத்தனையையும் ஊற்றிவிட்டார். உறை ஊற்றப் பால் இல்லை. டீ நன்றாகத்தான் இருந்தது.

பிறகு காட்டுக்கு வந்தார். விருந்தாளிக்குச் சுற்றிக் காட்டுவது போல நான் முன்னால் நடந்தேன். இது கொத்தவரை, இது வெங்காயம், அந்தப் பக்கம் சும்மா கிடப்பது தக்காளிக்கு.

“ஏன் சும்மா போட்டிருக்க?”

“வைகாசிக் கடைசியில சாரல் பிடிக்கும்லா. அப்பதான் நடணும்.”

“அது வரைக்கும் சும்மாவா?”

“ஆமா.”

அவர் அந்த வெறும் நிலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். என் மாமனார் இருந்தபோது இது எல்லாம் பருத்தி. காய்கறிக்கு மாற்றியது நான்தான். அவருக்கு அது போட்டோவில் மட்டும் தெரியும்.

பிப்ரவரி 12, புதன்

இன்று கொஞ்சம் வார்த்தை தடித்துவிட்டது.

தக்காளி இப்போதே நடலாம் என்கிறார். “சித்திரையில, வைகாசியில தக்காளி என்ன விலைக்குப் போகுது தெரியுமா? அங்க இருக்கையில நான் தினமும் பாவூர்சத்திரம் மார்க்கெட் விலை பாப்பேன்.”

எனக்குத் தெரியாதா. நான் அந்த மார்க்கெட்டுக்குத்தான் கூடை ஏற்றி அனுப்புகிறேன்.

“மாசியில நட்டா வெயிலோட சேந்து வெள்ளை ஈ வரும். இலைக்கு அடியில ஒக்காந்து சாறு உறிஞ்சும். உறிஞ்சிட்டுப் போனாலும் பரவாயில்ல, ஒரு செடிச் சீக்க இன்னொரு செடிக்குக் கொண்டு போயிரும். இலை சுருண்டா அப்புறம் காய் கிடையாது. சாரல் விழுந்து காத்து குளுந்தாத்தான் அது அடங்கும்.”

“மருந்து இருக்குல்லா?”

“அடிச்சுப் பாத்தவங்க இருக்காங்க.”

“யாரும் நடாததாலதான் விலை ஏறுது, புஷ்பா.”

“யாரும் ஏன் நடல? நடத் தெரியாமலா?”

அவர் எழுந்து பம்ப் செட் பக்கம் போய்விட்டார். நான் அப்படிக் கேட்டிருக்க வேண்டாம். தினமும் பாவூர்சத்திரம் விலை பார்ப்பேன் என்று சொன்னாரே, அதைத்தான் திரும்பத் திரும்ப நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஊரில், அந்த வெயிலில், நாள் முழுக்கத் தகரம் வெட்டுகிற வேலை முடித்து வந்து உட்கார்ந்து, கத்தரிக்காய் என்ன விலை என்று பார்த்திருக்கிறார்.

ராத்திரி சாப்பாட்டுக்கு உட்கார்ந்தபோது, “கிழக்கால இருக்க வயல நீங்க எடுத்துக்கிடுங்க. உங்க இஷ்டம் போல நடுங்க” என்றேன். இன்னொரு தோசை கேட்டார்.

பிப்ரவரி 20, வியாழன்

கிழக்கு வயலில் நடவு. நாற்றுப் பண்ணையில் தட்டுத் தட்டாக வாங்கி வந்தார். நல்ல நாற்று, குறை சொல்ல முடியாது. கூலிக்கு வந்த பெண்களோடு அவரும் குனிந்து நட்டார். மத்தியானத்துக்குள் உள்ளங்கை கொப்புளித்துவிட்டது.

தேங்காய் எண்ணெய் தடவிவிட்டேன். கொப்புளத்துக்கு மேலேயும் கீழேயும் பழைய தழும்புகள். ஏசி குழாய்க்குத் தகரம் வெட்டி மடிக்கிற வேலை. கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்தக் கையை இவ்வளவு பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. லீவுக்கு வரும்போதெல்லாம் கல்யாண வீடு, சாவு வீடு, பத்திரம், பேங்க் என்று நாள் ஓடிவிடும்.

“வலிக்கா?” என்றேன்.

“இல்ல” என்றார். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

மார்ச் 3, திங்கள்

செடி நன்றாகப் பிடித்துவிட்டது. காலையில் எழுந்ததும் போய்ப் பார்க்கிறார், சாயங்காலமும் போய்ப் பார்க்கிறார். பக்கத்து வயல் ஐயம்பெருமாள் அண்ணாச்சியைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினார். அண்ணாச்சி எங்கள் வரப்பை ஒட்டி கத்தரி வைத்திருக்கிறார். “பாக்க நல்லாத்தான் இருக்கு, கொம்பையா” என்றார். அந்த ‘பாக்க’ என்ற சொல் இவர் காதில் விழவில்லை. எனக்கு விழுந்தது.

கொத்தவரை மூன்று கூடை.

மார்ச் 8, சனி

அவர் தென்காசிக்குப் போயிருந்தபோது கிழக்கு வயலுக்குப் போய் இலையைப் புரட்டிப் பார்த்தேன். இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

இன்று சொல்லலாம் என்று இருந்தேன். காலையில் முதல் பூவைப் பார்த்துவிட்டு வந்து, போன் எடுத்து அதை அருணாவுக்குப் படம் அனுப்பினார். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம்.

மார்ச் 13, வியாழன்

நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

“புஷ்பா, செடிய லேசா தொட்டா சாம்பல் மாதிரி எழும்பிப் பறக்கு.”

“அதான்” என்றேன்.

“உனக்கு முன்னமே தெரியுமா?”

“நேத்துதான் பாத்தேன்.”

பொய்தான். வேறு என்ன சொல்ல. அவர் கோபப்படவில்லை. என்ன செய்யலாம் என்று கேட்டார். வெள்ளை ஈ மஞ்சள் நிறத்தைத் தேடி வரும், மஞ்சள் அட்டையில் பசை தடவிக் கட்டுவார்கள் என்றேன். கடையில் அட்டை வாங்கி வருவார் என்று பார்த்தால், பழைய எண்ணெய் டின்களை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவர் தகரம் வெட்டுவதை நான் பார்த்ததே இல்லை. காகிதம் வெட்டுவது போல வெட்டுகிறார். ஓரத்தில் கை கிழிக்காதபடி மடித்துத் தட்டுகிறார். மஞ்சள் பெயின்ட் அடித்து, விளக்கெண்ணெய் தடவி, குச்சியில் கட்டி வயல் முழுவதும் நட்டுவிட்டார்.

சாயங்காலத்துக்குள் தகரம் எல்லாம் வெள்ளையாகிவிட்டது. துடைத்துவிட்டு மறுபடி எண்ணெய் தடவினார். ஈ அதற்குமேல் இருந்தது.

மார்ச் 27, வியாழன்

நுனி இலைகள் மேல்நோக்கிச் சுருள ஆரம்பித்துவிட்டன. செடி குட்டையாக நின்றுவிட்டது. மருந்துக் கடையில் சொன்னதை அடித்தார். வேப்பெண்ணெய்க் கரைசல் நான் கலக்கிக் கொடுத்தேன். ஈ குறையும், சுருண்ட இலை விரியாது.

வெங்காயம் பிடுங்கி முடிந்தது. விலை வரும் வரை சேமித்து வைக்கப் பட்டறை போட்டாயிற்று.

ஏப்ரல் 10, வியாழன்

அவர் போனை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ப் பேசுகிறார். அரபியும் இந்தியும் கலந்து. திரும்பி வரும்போது, “கம்பெனியில இருந்துதான். சும்மா” என்கிறார். லீவு எப்போது முடிகிறது என்று நான் கேட்பதில்லை. முன்பெல்லாம் வந்த மறுநாளே டிக்கெட் தேதி காலண்டரில் வட்டம் போட்டிருக்கும். இந்த வருடக் காலண்டர் சுத்தமாக இருக்கிறது.

முருங்கைக்காய் போட்டுக் குழம்பு வைத்தேன். கடைசியில் முருங்கைக்காய் இரண்டையும் அவர் தட்டில் போட்டுவிட்டேன் போலிருக்கிறது. எனக்கு வெறும் குழம்புதான் மிச்சம்.

ஏப்ரல் 19, சனி

ஐயம்பெருமாள் அண்ணாச்சி வரப்பில் நிறுத்திச் சொன்னார். “தங்கச்சி, நீ வைகாசிக்கு நாத்துப் பாவணும்லா. கிழக்கால அந்தச் செடி நிக்கது வரைக்கும் உன் நாத்து தேறாது பாத்துக்க. அங்க இருந்து எல்லாம் இங்க பறந்து வந்துரும். கொம்பையாட்ட சொல்லிப் பிடுங்கச் சொல்லு.”

“சொல்லுதேன் அண்ணாச்சி.”

“என் கத்தரிக்கும் வருது.”

“சொல்லுதேன்.”

அவர் சொல்வது சரிதான். சீக்கு வந்த செடி நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் இளம் நாற்றைக் கொண்டுபோய் வைப்பது, அம்மை போட்ட வீட்டில் கைப்பிள்ளையைக் கொண்டுபோய்ப் படுக்க வைப்பது மாதிரி. நடுவில் கொஞ்ச நாள் நிலத்தில் தக்காளியே இருக்கக் கூடாது. ஈக்குத் தங்க இடம் இல்லாமல் போக வேண்டும். அப்புறம்தான் நடவு.

ஆனால் அவர் இன்னும் அந்தச் செடிகளுக்குத் தண்ணீர் பாய்ச்சுகிறார். கோலிக்குண்டு அளவில் சில காய்கள் இருக்கின்றன. நேற்று அதைப் பறித்துக் கொண்டுவந்து, “ரசத்துக்கு ஆகும்லா” என்றார். ஆகும் என்றேன். ரசம் வைத்தேன்.

சாரல் இந்த வருடம் தாமதமானாலும் ஆகும். விதையைக் கொஞ்சம் தள்ளிப் போட்டால் ஒன்றும் முழுகிவிடாது.

மே 4, ஞாயிறு

விதை பாவவில்லை.

மே 5, திங்கள்

மத்தியானம் வேம்பு நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அவர்தான் ஆரம்பித்தார்.

“நாத்து எப்ப பாவப் போற?”

“பாவணும்.”

“போன வருசம் இந்நேரம் முளைச்சிருச்சுன்னு போட்டோ அனுப்பின.”

நான் தண்ணீர் குடித்தேன்.

“எனக்காகத்தான் பாத்துட்டு இருக்கியா? அண்ணாச்சி எங்கிட்டயும் சொல்லிட்டாரு.”

“அவசரம் ஒண்ணும் இல்ல.”

“புஷ்பா, எனக்கு அங்க வேலை இல்ல. கம்பெனிய மூடிட்டான். லீவுன்னு சொன்னது சும்மா.”

“தெரியும்.”

“எப்ப இருந்து?”

“தேய்ப்புப் பெட்டியப் பாத்த அன்னைக்கே.”

அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். “அப்ப ஏன் கேக்கல?”

“கேட்டா என்ன சொல்லியிருப்பிய?”

யோசித்துப் பார்த்துவிட்டு, “வேற பொய் சொல்லியிருப்பேன்” என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார். சிரித்து முடித்ததும் அவர் கண் கலங்கியிருந்தது. நான் மோர்ப் பாத்திரத்தைத் தேடுவது போலத் திரும்பிக்கொண்டேன். “வந்து சும்மா ஒக்காந்திருக்கேன்னு தெரியக் கூடாதுன்னு நினைச்சேன். அந்தத் தக்காளி மட்டும் நின்னிருந்தா, வேலை போனாலும் பரவாயில்ல, இத வச்சுப் பாத்துக்கிடலாம்னு அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.”

அதற்குத்தான் அந்த அவசரம். இதைத் தெரிந்துகொள்ளாமல் யாரும் ஏன் நடல என்று கேட்டிருக்கிறேன்.

எழுந்து கை கழுவிவிட்டு, “நாளைக்குப் பிடுங்கிருவோம்” என்றார்.

மே 6, செவ்வாய்

விடிந்ததும் அவர் போய்ப் பிடுங்க ஆரம்பித்திருந்தார். ஓடிப்போய் நிறுத்தினேன். அப்படியே பிடுங்கினால் ஈ எல்லாம் எழும்பி அண்ணாச்சியின் கத்தரிக்குப் போய்விடும். குளிர்ச்சியாக இருக்கும்போதே முதலில் மருந்து அடித்து, அது அடங்கிய பிறகுதான் செடியில் கை வைக்க வேண்டும். இன்று அடித்தோம்.

மே 7, புதன்

பிடுங்கினோம். கூலிக்கு ஆள் சொல்லவில்லை. அவர் ஒரு கரையிலிருந்து, நான் மறு கரையிலிருந்து. பிடுங்கியதைக் குவித்து எரித்தோம். அண்ணாச்சி அவராக வந்து கொஞ்ச நேரம் கூட நின்றார். போகும்போது இவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

கடைசிச் செடியைப் பிடுங்கியதும் அவர் வேரில் ஒட்டியிருந்த மண்ணை உதறிவிட்டு, அதை எறியாமல் கொண்டுபோய்க் குவியலின் மேல் மெதுவாக வைத்தார். நான் பார்க்காதது போல இருந்தேன்.

மே 10, சனி

வரப்பு முழுவதும் களை எடுத்தோம். துத்தி, குப்பைமேனி எல்லாவற்றிலும் ஈ தங்கும்.

நாற்றுப் பாவ மேடை போட்டேன். அதன்மேல் வலை கட்டலாம் என்று சொன்னது அவர்தான். நான் வழக்கமாகப் பழைய சேலையைத்தான் கட்டுவேன், அதில் நாலு பக்கமும் சந்து இருக்கும். “குளிர்ரூம்ல ஊசி நுழையச் சந்து இருந்தாலும் எங்க போர்மேன் விட மாட்டான்” என்றார். பிவிசி குழாயை வளைத்துக் கூடு செய்து, நெருக்கமான கண் வலை வாங்கி இழுத்துக் கட்டி, அடியில் மண் அணைத்து மூடினார். வாசல் ஒன்றுக்குள் இன்னொன்று. ஒன்றை மூடிவிட்டுத்தான் அடுத்ததைத் திறக்க வேண்டும். நான் மறந்து இரண்டையும் திறந்துவிட்டேன்.

“கதவ மூடு” என்றார், அந்தப் போர்மேன் குரலிலேயே.

மூடினேன். இந்தக் காட்டில் என்னை யாரும் அதட்டி ரொம்ப நாளாயிற்று. கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை.

மே 15, வியாழன்

முளைத்துவிட்டது.

மே 21, புதன்

காட்டில் வேலை இல்லை. நாற்றுக்குத் தண்ணீர் தெளித்தால் முடிந்தது. ஊரில் எல்லோரும் கேட்கிறார்கள், வெறும் காட்டுக்கா காவல் இருக்கிறீர்கள் என்று. ஆமாம் என்கிறோம்.

அருணாவைப் பார்க்க நாகர்கோவில் போனோம். பரீட்சை முடிந்த களைப்பு அவள் முகத்தில். அப்பாவும் மகளும் ஐஸ்கிரீம் கடையில் உட்கார்ந்து, அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது போனில் என்னென்ன பேசினாள் என்று சொல்லிச் சிரித்தார்கள். எல்லாமே போனில் நடந்தவைதான். அதற்காக அது குறைவாகத் தெரியவில்லை.

வேலை போனதை அவர் அவளிடம் சொன்னார். “அப்ப இனிமே வீட்டுக்கு வந்தா நீங்க இருப்பிய” என்றாள். அவ்வளவுதான் அவளுக்கு.

திரும்பி வரும்போது பஸ்ஸில் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். வள்ளியூர் தாண்டும்போதே தோள் மரத்துவிட்டது. அவர் தூக்கம் கலைந்துவிடக் கூடாது என்று அசையாமல் இருந்தேன்.

மே 26, திங்கள்

“தினமும் அப்படி என்ன எழுதுத?” என்று கேட்டார்.

இதை யாரிடமும் சொன்னதில்லை. நீங்கள் போன புதிதில் போன் கார்டு சீக்கிரம் தீர்ந்துவிடும், சொல்ல வேண்டியது விட்டுப்போகும், அதனால் நீங்கள் கூப்பிடுகிற வெள்ளிக்கிழமைக்காக எழுதி வைத்துக்கொள்வேன், அந்தப் பழக்கம்தான் என்றேன்.

“அதான் அவ்வளவு வேகமாப் பேசுவியா? எங்கூடப் பேசப் பிடிக்காமத்தான் படபடன்னு முடிச்சிருதன்னு நினைச்சேன்” என்றார்.

“உங்களுக்குத்தான் கேக்கப் பிடிக்கலன்னு நான் நினைச்சேன். என்ன சொன்னாலும் ம், ம்னு மட்டும் சொல்லுவிய.”

“அந்த ரூம்ல எத்தன பேரு இருப்போம் தெரியுமா? எல்லாவனும் கேட்டுட்டே படுத்திருப்பான். நான் வேற என்னத்தச் சொல்ல?”

இதற்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது.

ஜூன் 5, வியாழன்

சாரல் இன்னும் பிடிக்கவில்லை. மலை பக்கம் மேகம் வருகிறது, நிற்கிறது, போகிறது. வெயில் குறையவில்லை. நாற்று நடும் பருவத்துக்கு வந்துவிட்டது, வலைக்குள் நீண்டுகொண்டு போகிறது. இப்போது வெளியே எடுத்தால் வெயிலில் சுற்றுகிற ஈ பிடித்துக்கொள்ளும். விட்டால் தண்டு முற்றிப்போகும்.

அவர் என் முகத்தைப் பார்க்கிறார். இரண்டு நாள் பொறுக்கலாம் என்றேன். எனக்கே நிச்சயமாகத் தெரியவில்லை. அதையும் சொன்னேன். “தெரியலன்னா பொறுப்போம்” என்றார்.

ஜூன் 8, ஞாயிறு

காலையில் காற்று மாறியது. துணி காயவில்லை. சந்தோஷமாக இருந்தது.

ஜூன் 11, புதன்

நட்டாயிற்று. காலையிலிருந்து தூறிக்கொண்டே இருந்தது. அவர் நட்ட வரிசைகள் கோணல். திருத்தவில்லை.

ஜூலை 2, புதன்

காலையில் இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கமாகப் போய் இலையைப் புரட்டிப் பார்க்கிறோம். ஈ இல்லாமல் இல்லை. இருக்கிறது, அங்கொன்றும் இங்கொன்றுமாக. சுருண்ட செடி ஒன்றிரண்டு கண்ணில் பட்டது. பட்டதும் பிடுங்கிவிட்டோம். அவர் பிடுங்கத் தயங்கவில்லை.

மற்றதெல்லாம் முழங்கால் அளவு வளர்ந்து பச்சென்று நிற்கிறது. குச்சி ஊன்றிக் கட்ட ஆரம்பித்தோம். அவர் போடும் முடிச்சு இறுக்கம், தண்டை அறுத்துவிடும். விரல் நுழையும்படி விடுங்க என்றேன். அதற்கப்புறம் ஒவ்வொரு முடிச்சிலும் விரலை விட்டுப் பார்த்துக்கொண்டே போனார்.

ஜூலை 14, திங்கள்

அவரோடு குவைத்தில் இருந்த ரபீக் கூப்பிட்டார். இப்போது கத்தாரில் இருக்கிறார். அங்கே இவருக்கு வேலை இருக்கிறதாம், பழைய சம்பளத்துக்கு மேலேயே. மாதக் கடைசிக்குள் கிளம்ப வேண்டும். இரண்டு வருட ஒப்பந்தம்.

கிணற்றடிக்குப் போகாமல் வாசலிலேயே நின்று பேசினார். எனக்குக் கேட்கட்டும் என்றுதான் போலிருக்கிறது.

வெண்டைக்கு விதை எடுத்து வைத்தேன். எலி கடித்த சாக்கைத் தைத்தேன்.

ஜூலை 15, செவ்வாய்

“நீ என்ன சொல்லுத?” என்றார்.

“உங்க இஷ்டம்.”

“அருணா படிப்பு இருக்கு.”

“ஆமா.”

“ரெண்டே வருசம்.”

“சரி.”

ஒவ்வொரு முறையும் இதைத்தான் சொல்லியிருக்கிறேன். நான் அழுதால் போகிறவருக்குக் கால் வராது என்று என் அம்மா சொல்லிக் கொடுத்தாள். ஏர்போர்ட் வாசலில்கூட நான் அழுததில்லை.

ஜூலை 16, புதன்

தக்காளியில் காய் பிடித்திருக்கிறது. வெயிலடித்தது.

ஜூலை 17, வியாழன்

இன்று ஒன்றும் இல்லை.

ஜூலை 18, வெள்ளி

செடி கட்டிக்கொண்டிருந்தோம். எதிர் எதிர்ப் பக்கம். செடி வளர்ந்துவிட்டதால் அவர் முகம் தெரியவில்லை, கை மட்டும் தெரிந்தது. சணல் சுற்றி, விரலை விட்டுப் பார்த்து, அடுத்த செடிக்கு நகர்கிற கை.

“ரபீக் இன்னைக்குப் பதில் கேட்டிருக்கான்” என்று அந்தப் பக்கத்திலிருந்து சொன்னார்.

“போவாண்டாம்” என்றேன்.

கை நின்றுவிட்டது.

“என்ன சொன்ன?”

“போவாண்டாம். இங்க இருங்க.”

சொன்ன பிறகு எனக்கு மூச்சு வாங்கியது. கூடையைத் தூக்கிக்கொண்டு ஓடியவள் மாதிரி. அவர் செடியைச் சுற்றிக்கொண்டு வரவில்லை, வரிசையை விலக்கிக்கொண்டு நேராக வந்துவிட்டார். ஒரு கிளை முறிந்தது.

“முதல் தடவ போகையில நீ இதச் சொல்லுவன்னு பாத்துட்டே நின்னேன்” என்றார்.

“சொல்லியிருந்தா இருந்திருப்பியளா?”

ரொம்ப நேரம் யோசித்தார். பொய் சொல்ல மாட்டார் என்று தெரிந்தது. “இருந்திருக்க மாட்டேன். அன்னைக்கு முடியாது. கடன் இருந்துச்சு. ஆனா, கேட்டுட்டுப் போயிருப்பேன்.”

நான் அழுதேன் போலிருக்கிறது. அவர் கைகளில் தக்காளி இலையின் பச்சைக் கறை, அதே கையால் துடைத்துவிட்டார். வீட்டுக்கு வந்து கண்ணாடியைப் பார்த்தால் முகம் முழுவதும் பச்சை. அதோடுதான் வழியெல்லாம் நடந்து வந்திருக்கிறேன். எதிரே வந்த ஐயம்பெருமாள் அண்ணாச்சி ஒன்றும் கேட்கவில்லை.

ரபீக்குக்கு அவரே சொல்லிவிட்டார்.

ஆகஸ்ட் 16, சனி

முதல் பறிப்பு. அருணா லீவுக்கு வந்திருக்கிறாள், அவளும் பறித்தாள். பழம் உடைசல் இல்லாமல், ஒரே அளவில், கனமாக. இப்படி ஒரு பறிப்பு வந்து நாளாயிற்று. அந்த வலைக்கூடுதான் காரணம் என்று அவர் அருணாவிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சாரல்தான் காரணம் என்று நான் சொன்னேன். அவள் இரண்டு பேருக்கும் சரி என்றாள்.

பாவூர்சத்திரத்துக்கு அவரே வண்டியில் போனார். திரும்பி வந்தபோது முகம் ஒரு மாதிரி இருந்தது.

“என்ன விலை?”

சொன்னார். குறைவுதான்.

“மார்க்கெட் முழுக்கத் தக்காளி. எல்லாவனும் சாரலுக்கு நட்டு, எல்லாவனும் இப்பத்தான் கொண்டாறான். வாங்க ஆளு வேணும்லா.”

“அதான் எப்பவும் உள்ளது” என்றேன். “செடி நல்லா இருக்க காலத்துல விலை இருக்காது. விலை இருக்க காலத்துல செடி இருக்காது.”

“இவ்வளவு இறங்கும்னு நீ முன்னமே சொல்லல.”

“சொன்னா நட்டிருக்க மாட்டிய.”

அவர் கால் கழுவிவிட்டு வந்து, அருணா வைத்த காப்பியைக் குடித்தார். கொஞ்ச நேரம் தூறலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு தரையில் விரலால் எதையோ வரைந்து பார்த்தார். நாற்று மேடையா, வயலா, தெரியவில்லை.

“புஷ்பா, அந்த வலைக்குள்ளயே இன்னும் கொஞ்ச நாள் கூட வளத்துட்டு, ஒரு பத்து நாள் முந்தியே வெளிய எடுத்தா என்ன? ஈக்கும் தப்பிச்சிரும், இந்தக் கூட்டத்துக்கும் முந்திரலாம்.”

“பத்து நாள் முந்தினா வெயில் இருக்கும்.”

“அஞ்சு நாள்?”

“அஞ்சு நாள் சாரல் பிந்துச்சுன்னா?”

“சரி, பாதிய அப்ப நடுவோம், பாதிய உன் கணக்குக்கு நடுவோம். அடுத்த வருசம் செஞ்சு பாப்போம்.”

அடுத்த வருசம் என்றார். பதினாறு வருடமாக அவர் வாயில் வந்ததெல்லாம் அடுத்த லீவு. அருணா கவனித்தாளா என்று பார்த்தேன். அவள் போனில் இருந்தாள்.

“பாதி கிடையாது. கால்வாசி” என்றேன்.